சூடான சாம்பாருக்குக் கவர் வேண்டாம்

மாலை ஏழு மணிக்கு மேல் எந்த ஊர் ஹோட்டலின் பார்சல் கவுன்டரிலும் இதைப் பார்க்கலாம். ஆவி பறக்கும் சாம்பாரைக் கரண்டியில் மொண்டு மெல்லிய பிளாஸ்டிக் கவரில் ஊற்றுகிறார்கள். கவர் உப்பித் தளர்ந்து, கையில் பிடிக்க முடியாமல் சுடுகிறது. வாயை ஒரு முறுக்கு முறுக்கி நூலைச் சுற்றி நீட்டுகிறார்கள். பக்கத்து டீக்கடையில் டீயும் இப்படித்தான் கட்டப்படுகிறது. வீடு போய்ச் சேரும்வரை அந்தச் சூடும் புளிப்பும் எண்ணெயும் பிளாஸ்டிக்கிலேயே கிடக்கின்றன.

பிளாஸ்டிக்கில் சேர்த்த ரசாயனங்கள் உணவில் இறங்க அதிகம் துணைபோவது இவைதான்: சூடு, எண்ணெய், புளிப்பு, ஊறும் நேரம். பார்சல் சாம்பாரில் நான்குமே உண்டு. கவர் வேண்டாமென்று பேப்பர் கப்புக்கு மாறினால் தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். தாள் நனையாமலிருக்க அதன் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் படலம் பூசியிருப்பார்கள். காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் இதைச் சோதித்தார்கள். 85 முதல் 90 டிகிரி சூட்டில் 100 மில்லி நீரை 15 நிமிடம் பேப்பர் கப்பில் வைத்திருந்தபோது, சுமார் 25,000 நுண்நெகிழித் துகள்கள் அதில் கலந்திருந்தன. இத்துகள்கள் உடம்புக்குள் என்னென்ன செய்யும் என்ற ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. அது முடியட்டும் என்று நம் பிள்ளைகளுக்கு அதிலேயே பால் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது.

பிளாஸ்டிக் என்றாலே பகை என்று நான் சொல்லவில்லை. ரத்த வங்கியின் பை, சொட்டுநீர்ப் பாசனக் குழாய் இரண்டும் பிளாஸ்டிக்தான். பித்தளைக் குடம் சுமந்து நொந்த இடுப்புக்குப் பிளாஸ்டிக் குடம் தந்த ஆறுதலும் சிறிதல்ல. குழாயும் குடமும் ஆண்டுக்கணக்கில் உழைப்பவை. சாம்பார் கவரின் உழைப்பு அரை மணி நேரம். அதன் பிறகு அது குப்பைமேட்டிலோ மாட்டின் வயிற்றிலோ கிடக்கிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையை உருவாக்கி 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். அதற்கும்கூடச் சுத்தமான, உலர்ந்த பிளாஸ்டிக் தேவை. குழம்பு ஒட்டிய கவரைக் காயலான் கடையிலும் எடுக்க மாட்டார்கள்.

சட்டம் இதில் நம் பக்கம்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தயாரிக்கவோ விற்கவோ பயன்படுத்தவோ கூடாது. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், தட்டு, எந்தத் தடிமனிலும் கேரி பேக் எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. வாழை இலைபோலப் பச்சையாக அச்சடித்து, பிளாஸ்டிக் பூசி இட்லிக்கு அடியில் வைக்கும் தாளும் இந்தத் தடைக்குள் வருவதுதான். பிளாஸ்டிக்குக்குப் பதில் செய்தித்தாளில் வடை மடித்தால் அதுவும் குற்றம். அச்சு மை உணவில் படக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி தடுக்கிறது. இவ்வளவு இருந்தும் சோதனை என்றால் தள்ளுவண்டிக்காரரிடம்தான் முதலில் வருகிறார்கள். தடை செய்த கவரைத் தயாரித்து மூட்டை மூட்டையாக அனுப்பும் ஆலையைப் பிடிக்காமல் தெருவில் அபராதம் போடுவது நியாயமில்லை.

பொருளை எடுத்துச்செல்லும் பைக்காகக் கடைகளில் தனியே காசு பிடுங்குவதும் நடக்கிறது. பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன்பே பைக்குக் கட்டணம் உண்டு, இவ்வளவு என்று தெரிவிக்காமல், பில் போடும்போது சேர்ப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அப்படி நடந்தால் பில்லைப் பத்திரப்படுத்திக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். வாங்கிய மதிப்பு ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. சூடான உணவைக் கவரில் கட்டும் கடை பற்றி மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடமோ உள்ளாட்சி சுகாதாரப் பிரிவிலோ புகார் தரலாம்.

கவர் ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதா? உடனே எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பார்சல் டப்பாவோடு மைக்ரோவேவில் வைக்காதீர்கள். அடுப்புப் பற்றவைக்கவோ போகிக்கோ பிளாஸ்டிக்கை எரிக்காதீர்கள். அதன் புகை கவரைவிடக் கெட்டது.

அடுத்த முறை பார்சல் வாங்கக் கிளம்பும்போது ஒரு தூக்குவாளியை எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் தயங்கினால், “இதிலேயே ஊத்திக் குடுங்கண்ணே” என்று தயங்காமல் கேளுங்கள்.