உங்களுக்குத் தெரியுமா? போனில் அரசியல் பேசுவது யார்?

● பட்டாசு ஆலைக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது. தீப்பெட்டி, பீடிக்கு உள்ள அதே தடைதான். சாயங்காலம் வெளியே வந்து, மருந்து படிந்த விரலைக் கழுவித் துடைத்துவிட்டு வாட்ஸ்அப்பைத் திறந்தால், காலையில் தொடங்கிய கட்சிச் சண்டை மதியமே முடிந்து, குரூப்பில் யாரோ 'குட் ஈவ்னிங்' பூப்படம் போட்டிருப்பார்கள். ஆத்திரம் எவ்வளவு இருந்தாலும் பதில் எழுத நேரம் வாய்க்க வேண்டும்.

● நேரம் இருந்தால் போதுமா, போன் யார் கையில்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் 33 சதவீதம், ஆண்களில் 57.

● சிவகாசியில் அச்சாகும் தேர்தல் நோட்டீஸின் அடியோரத்தைப் பாருங்கள். பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிட்டவர் பெயர் எல்லாம் இருக்கும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு போட்ட கட்டளை அது. ஆர்டர் கொடுப்பவர், தன்னைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துடன் உறுதிமொழி தர வேண்டும். அச்சானதில் ஒரு பிரதி மாவட்ட ஆட்சியருக்குப் போக வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போனில் சுற்றும் மீம்ஸுக்கு அடியோரமே கிடையாது. பெயர் போட வேண்டாம் என்றால் வாய் தானாக நீளும்தானே!

● பெயரோடு பேசியவர் மாட்டிக்கொண்டதும் உண்டு. 2012இல் புதுச்சேரி வியாபாரி ஒருவர் ஒரே ஒரு ட்விட்டர் பதிவுக்காகக் கைதானார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. அதற்குப் பயன்பட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. பயம் அவ்வளவு சீக்கிரம் ரத்தாவதில்லை.

● 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. இங்கே சாத்தூரில் செய்தி ஓடியது. எல்லை தாண்டினால் கோவில்பட்டியில் நெட் இல்லை.

● 2010 அமெரிக்கத் தேர்தல் நாளில் ஃபேஸ்புக் சுமார் 6 கோடிப் பேருக்கு 'ஓட்டுப் போடுங்கள்' என்று செய்தி காட்டியது. வெறும் செய்தி பார்த்தவர்கள் அசையவில்லை. 'நான் ஓட்டுப் போட்டேன்' என்று அழுத்திய நண்பர்களின் முகங்களையும் சேர்த்துப் பார்த்தவர்களில் சிலர் சாவடிக்குக் கிளம்பினார்கள். நேரடியாகவும் நண்பர்கள் வழியாகவும் கூடுதலாக விழுந்த ஓட்டு ஏறக்குறைய 3,40,000 என்று ஆய்வாளர்கள் 2012இல் கணக்குச் சொன்னார்கள். நம்மூரில் மாமன் ஸ்டேட்டஸுக்கு உள்ள மரியாதை இதுதான்.

● 2024இல் விருதுநகர் மக்களவைத் தொகுதியில் காங்கிரஸின் மாணிக்கம் தாகூர், தேமுதிகவின் விஜய பிரபாகரனை முந்தியது 4,379 ஓட்டில். ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர் வரை சேரலாம். ஐந்து குரூப்புக்குள் அந்த வித்தியாசம் அடங்கிவிடும். 1967 சட்டமன்றத் தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரில் காமராஜர் தோற்றது 1,285 ஓட்டில். அதற்கு இரண்டே குரூப் போதும், இரண்டாவதில் முக்கால்வாசி காலியாகக் கிடக்கும்.