நாட்பட நிற்கும் மதுவும் நாளொன்றிற் புளிக்கும் கள்ளும்

அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்குச் செல்லும் பெருவீதி, கித்துள்கலையைக் கடந்ததும் வளைந்து வளைந்து மலையேறுகிறது. அவ்வேற்றத்தில் அமைந்த ஊர் கினிகத்தேனை. மழைக்குக் குறைவில்லாத அவ்வூரில், தேயிலைச் சரிவுகளை ஒட்டிய வீட்டுத் தோட்டங்களிலே மிளகுக் கொடி படர்ந்திருக்கும். கித்துள் மரம் நிமிர்ந்து நிற்கும். கித்துட் பாளையைச் சீவி, அதில் ஊறும் இனிய நீரைக் காலையும் மாலையும் மரமேறி இறக்குகின்றனர். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திலே தடுத்து வைக்கப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியிட்ட தம் நூலில் இந்நீரின் சுவையை வியந்திருக்கின்றார்.

எனினும் இந்நீர் பொறுத்திருக்க அறியாதது. முட்டியிலும் காற்றிலும் உள்ள மதுவம் என்னும் நுண்ணுயிர்கள் சீனியை உண்டு மதுசாரமாக்குகின்றன. காலையில் இனித்தது மாலைக்குள் கள்ளாகின்றது. பின்னர் வேறு நுண்ணுயிர்கள் புகுந்து அதனைக் காடியாக்கிவிடுகின்றன. பழைய கள் என்று எவரும் பெருமை பேசியதில்லை.

திராட்சைச் சாற்றை நொதிக்கச் செய்வதும் மதுவமே. ஆயின் பிரான்சிலே, ரோன் நதியின் வடபகுதிக் கருங்கற் சரிவுகளில் விளையும் ‘சீரா’ என்னும் கருந்திராட்சையின் நல்ல மது, இருபது முப்பது ஆண்டுகள் கெடாது நிற்கின்றது. நிற்பதோடு மேன்மையும் அடைகின்றது. அங்கே சிறு குடும்பத்தார் பலர் இம்மதுவைச் செய்கின்றனர். இளமையில் அது வாய்திறவாது. மணம் அடங்கியிருக்கும், துவர்ப்பே முன்னிற்கும். அவசரக்காரனுக்கு உகந்த பானமன்று.

அத்துவர்ப்பிலேதான் காரணம் இருக்கின்றது. கருந்திராட்சையின் தோலும் விதையும் சாற்றோடு சேர்ந்து ஊறும்போது துவர்ப்புப் பொருள்கள் மதுவில் இறங்குகின்றன. தேயிலையை நெடுநேரம் ஊறவிட்டால் நாவைப் பிடிக்கின்றதே, அவ்வினத்தைச் சேர்ந்தவையே இவையும். தக்கையூடாக நுழையும் சிறிதளவு காற்றின் தாக்கத்தை இவை தாம் ஏற்றுக்கொள்கின்றன. காலப்போக்கில் நிறப்பொருளோடு பிணைந்து, பெருத்து, மண்டியாக அடியிற் படிகின்றன. அப்போது நாவை இறுக்கிய மது மென்மையாகின்றது. திராட்சையின் இயற்கைப் புளிப்பும், கள்ளினும் மிகுந்த மதுசாரமும், கந்தகப் புகையின் சிறு துணையும் நுண்ணுயிர்களை அணுகவிடா. கித்துள் நீரிலோ புளிப்பும் இல்லை, துவர்ப்பும் இல்லை.

இவ்விரண்டிற்கும் இடையே எதிர்பாராத உறவொன்றும் உண்டு. சீரா மதுவிலே மிளகின் வாசனை வீசுவது நெடுங்காலம் வெறும் உவமையாகவே கருதப்பட்டது. 2008இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள், அங்கே ஷிராஸ் எனப்படும் இதே திராட்சையில் ‘ரொட்டண்டோன்’ என்னும் பொருளைக் கண்டறிந்தனர். கருமிளகிற்கு மணம் தருவதும் அதுவே. கினிகத்தேனைத் தோட்டத்து மிளகுக் கொடிக்கும் பிரெஞ்சு நாட்டுத் திராட்சைக் கொடிக்கும் மணம் ஒன்றுதான்!

கித்துள் இறக்குவோரும் துவர்ப்பின் வலிமையை அறியாதவரல்லர். முட்டியைக் கட்டுமுன் அதனுள் ‘ஹல்’ மரத்தின் பட்டைத் துண்டுகளை இடுகின்றனர். அப்பட்டையின் துவர்ப்பு நொதிப்பைத் தாமதப்படுத்துகின்றது. இரசாயனம் கற்று வந்த முறையன்று அது. தந்தை கைப்பட மகனுக்குக் காட்டியது. இறக்கிய நீரை உடனே அடுப்பிலேற்றிக் காய்ச்சினால் பாணி. மேலும் காய்ச்சினால் கருப்பட்டி. நீர் வற்றிச் சீனி செறிந்த பாணியில் மதுவம் வாழ இயலாது. பிரெஞ்சுக்காரர் துவர்ப்பினாற் பெறும் ஆயுளை இவர்கள் தீயினாற் பெறுகின்றனர்.

அடுப்படியிற் கழியும் நேரமும் விறகும் விலையில் ஏறவே செய்யும். சந்தையிலோ சீனிப்பாகு கலந்த பாணியும் கித்துட் பாணி என்றே விலைப்படுகின்றது. உயரமான மரத்தில் மழையில் வழுக்கும் ஏணிக்கழியைப் பிடித்து நாள்தோறும் இருமுறை ஏறியவரின் மகன், அக்கூலிக்கு அவ்வபாயம் தகுமா என்று கேட்கின்றான். ஏறுவாரற்ற மரம் காத்திருப்பதில்லை. உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு பாளையாக விரித்து, பூத்து, காய்த்து, கடைசிப் பாளையோடு பட்டுப்போகின்றது.