ஈல்ஸ் நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஆரோக்கியமான இளைஞர் ஒருவருக்குத் திடீரென ஒரு கண்ணில் கரும்புள்ளிகள் மிதக்கின்றன, பார்வை மங்குகிறது. வலியே இல்லை. இத்தகைய நோயாளிகளை 1880இல் பர்மிங்காம் கண் மருத்துவர் ஹென்றி ஈல்ஸ் விவரித்தார். மேலை நாடுகளில் இன்று அரிதான இந்நோய், இந்தியத் துணைக்கண்டத்தில் கூடுதலாகத் தென்படுகிறது.

அந்தப் புள்ளிகள் கண்ணுக்குள் கசிந்த இரத்தம். ஏன் இரத்தம் கசிகிறது? விழித்திரையின் ஓரத்துச் சிரைகள் அழற்சியால் அடைபடுகின்றன. ஆக்சிஜன் கிடைக்காத பகுதி புதிய இரத்தக் குழாய்களை முளைக்கத் தூண்டுகிறது. அவற்றின் சுவர் மெல்லியது, எளிதில் உடைந்துவிடும்.

அடைப்பு எங்கே என்று காட்டுவது ஃபுளோரசீன் ஆஞ்சியோகிராம். கைச் சிரையில் செலுத்தும் சாயம் சில நொடிகளில் விழித்திரையை எட்டும். நீல ஒளி பட்டதும் அது பசுமஞ்சளாக ஒளிர, கேமரா அடுத்தடுத்துப் படமெடுக்கிறது. அடைபட்ட பகுதி இருண்டு கிடக்கும். புதுக்குழாய்கள் சாயத்தைக் கசியவிட்டுப் பளிச்சிடும். (பிறகு சிறுநீர் மஞ்சளாகப் போகும், பயப்பட வேண்டாம்.) கண்ணுக்குள் கசிந்த இரத்தம் விழித்திரையை மறைத்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் வழி.

படம் மட்டும் போதாது என்பதே இதில் முக்கியம். சர்க்கரை நோய், அரிவாள் செல் சோகை, சார்காய்டோசிஸ் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரலாம். அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே ஈல்ஸ் என்று முடிவு செய்வார்கள். காசநோய்ப் பரிசோதனையும் அவசியம்: சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் இந்நோயாளிகள் சிலரின் கண் திசுவில் காசநோய்க் கிருமியின் டிஎன்ஏவைக் கண்டிருக்கிறார்கள்.

பலருக்கு மறு கண்ணும் பாதிக்கப்படுகிறது. தெளிவாகத் தெரியும் கண்ணையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.