முடியும் கொண்டையும்

சிகையலங்கார நிலையத்தில் வெட்டி எறிவதும் முடி. அரசர் சூடுவதும் முடி. இரண்டுக்கும் ஒரே பெயர் அமைந்தது எவ்வாறு?

முடித்தல் என்பதற்குக் கட்டுதல் என்பது பொருள். பாஞ்சாலி தன் கூந்தலை முடித்தாள் என்கிறோம். கயிற்றில் இடுவதை முடிச்சு என்கிறோம். திரட்டிக் கட்டிய தலைமயிர்க் கட்டு முடி எனப்பட்டது. அக்கட்டு அமரும் உச்சியும், உச்சியில் அணியும் மகுடமும், மலையின் சிகரமும் அப்பெயரையே பெற்றன. சேர சோழ பாண்டியரை முடியுடை மூவேந்தர் என்றனர் முன்னோர். குடுமி என்ற சொல்லும் இத்தகையதே. தலையிற் கட்டுவதும் குடுமி. மலையின் உச்சியும் குடுமி. சங்ககாலப் பாண்டியன் ஒருவன் முதுகுடுமிப் பெருவழுதி என்றே பெயர் பெற்றான்.

நாளடைவில், கட்டின் பெயர் கட்டப்படும் பொருளுக்கே ஆயிற்று. கட்டாது விரிந்து கிடப்பதும் இன்று முடிதான். இதே மாற்றத்தைக் கொழும்பிலே நாள்தோறும் காதாற் கேட்கலாம். சிங்கள மக்கள் தலைமயிரைக் 'கொண்டய' என்பர். அது நம் கொண்டையே என்பர் மொழியறிஞர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரையோரச் சிங்கள ஆடவரும் கொண்டை முடிந்து, ஆமையோட்டுச் சீப்புச் செருகியிருந்தனர். அங்கும் கட்டைக் குறித்த சொல்லே மயிரைக் குறிக்கலாயிற்று.

தமிழில் இம்மாற்றத்துக்கு ஊக்கம் தந்த காரணம் ஒன்றுண்டு. மயிர் என்ற சொல்லை வசையாக வழங்கியோர் பெருகவே, நாகரிகம் கருதியோர் அதனை விலக்கி முடியை நாடினர். ஆயினும் யாழ்ப்பாணத்துப் பெரியோர் 'தலைமயிர்' என்றே கூசாமற் கூறுவர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளரும் பேரப்பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. திரைப்படங்களில் அச்சொல் வசையாகவே அவர்கள் காதில் விழுகிறது. பாட்டி தகாத சொல்லைப் பேசிவிட்டார் என்றும் சில பிள்ளைகள் எண்ணுகின்றனர்.

அப்பிள்ளைகளுக்குத் திருக்குறளை எடுத்துக் காட்டுங்கள். மானம் என்னும் அதிகாரத்திலேயே வள்ளுவர் இச்சொல்லை இரு குறள்களில் ஆள்கிறார். தலையிலிருந்து உதிர்ந்ததைத் தாழ்வுக்கு உவமையாக்கியவர், மயிர் நீங்கின் உயிர் வாழாத கவரிமாவை மானத்துக்கே உவமையாக்கினார். ஒரே சொல் தாழ்வுக்கும் உயர்வுக்கும் அவருக்குப் பயன்பட்டது.

சொல்லில் இழிவு இல்லை. அதை வசையாக்கிய நாவிலேதான் இருக்கிறது. ஆகையால், பாட்டியின் சொல்லைத் திருத்துமுன் அதன் பொருளை வினவுவதே மாணவர்க்கு அழகு.