கல்லுக்கு அடியில் கிடந்த துறை

ரியோ டி ஜெனிரோவில் 2011இல் துறைமுகப் பகுதியைச் சீரமைக்கத் தோண்டியபோது, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கல்தளங்கள் தென்பட்டன. மேலே இருந்தது, 1843இல் பேரரசி தெரசா கிறிஸ்டினாவை வரவேற்க அமைத்த அலங்காரத் துறை. அடியில் இருந்தது வலோங்கோ: லட்சக்கணக்கான ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கரையிறக்கிய இடம்.

மறதி தானாக வரவில்லை.

பிரேசிலில் அடிமைமுறை 1888இல் ஒழிந்தது. இரண்டே ஆண்டில், அது தொடர்பான அரசு ஆவணங்களை எரிக்க உத்தரவு போனது. ஆனால் மண்ணுக்குள் சோழிகளும் பாசிமணிகளும் தாயத்துகளும் பத்திரமாகக் கிடந்தன. பனைநாரில் பின்னிய மோதிரங்கள்கூட.

2017இல் யுனெஸ்கோ வலோங்கோவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆப்பிரிக்க வழிச் சமயங்களின் பூசாரிப் பெண்கள் வெள்ளையுடுத்தி வந்து, பூவும் வாசனை நீருமாக அந்தக் கற்களைக் கழுவுகிறார்கள்.