ஹுவா மலை

ஹுவா மலை (சீன மொழியில் ஹுவாஷான்) சீனாவின் சென்சி மாகாணத்தில், ஹுவாயின் நகருக்குத் தெற்கே அமைந்துள்ள ஒரு மலையாகும். இது தாவோயியத்தின் புனித மலைகளுள் ஒன்றாகவும், சீனாவின் ஐந்து பெருமலைகளுள் மேற்குத் திசைக்கு உரியதாகவும் கருதப்படுகின்றது. மாகாணத் தலைநகரான சீஆனில் இருந்து கிழக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் உள்ளதால், காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பும் ஒரு நாள் பயணமாகப் பலர் இங்கு வருகின்றனர். எனினும், செங்குத்தான படிகளும், குறுகிய முகடுகளும், விடுமுறை நாட்களின் பெருங்கூட்டமும் இப்பயணத்தைக் கடினமாக்குகின்றன. எவ்வழியாக ஏறுவது, எவ்வழியாக இறங்குவது, எந்நேரத்தில் திரும்புவது என்பன முன்கூட்டியே முடிவு செய்யப்பட வேண்டியவையாகும்.

பெயரும் அமைவிடமும்

சீன மொழியில் "ஹுவா" என்னும் சொல் பழங்காலத்தில் மலரையும் குறித்தது. மலையின் சிகரங்கள் தொலைவில் இருந்து பார்ப்பவருக்கு இதழ் விரிந்த தாமரை போலத் தோன்றுவதால் இப்பெயர் ஏற்பட்டது எனக் கூறப்படுகின்றது.

சின்லிங் மலைத்தொடரின் கிழக்குப் பகுதியில், வெய் ஆற்றுச் சமவெளிக்குத் தெற்கே இம்மலை உள்ளது. மலை முழுவதும் கருங்கல் வகையைச் சேர்ந்த ஒரே பெரும் பாறைத் திரளால் ஆனது. மலையின் வடக்கு ஓரமாகச் செல்லும் நிலப்பிளவின் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கமான வெய் சமவெளி தாழ்ந்தும் வந்ததனால், சமவெளியில் இருந்து மலை சுவர் போல நேராக எழுந்து நிற்கின்றது. இப்பிளவுப் பகுதி நிலநடுக்கங்களுக்கும் உரியது. 1556 ஆம் ஆண்டு இப்பகுதியில் நிகழ்ந்த சென்சி நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 8,30,000 பேர் இறந்தனர். வரலாற்றில் அறியப்பட்ட நிலநடுக்கங்களுள் மிகுதியான உயிரிழப்பை ஏற்படுத்தியது இதுவே எனப்படுகின்றது.

சிகரங்கள்

ஹுவா மலையில் ஐந்து முதன்மைச் சிகரங்கள் உள்ளன.

தெற்குச் சிகரம்: உயரம் ஏறத்தாழ 2,154 மீட்டர். இது ஐந்து பெருமலைகளின் சிகரங்கள் அனைத்திலும் உயரமானது.
கிழக்குச் சிகரம்: ஏறத்தாழ 2,096 மீட்டர். சூரிய உதயம் காண்பதற்குப் புகழ் பெற்றது.
மேற்குச் சிகரம்: ஏறத்தாழ 2,082 மீட்டர். தாமரைச் சிகரம் எனவும் வழங்கப்படுகின்றது.
நடுச் சிகரம்: ஏறத்தாழ 2,037 மீட்டர். பச்சைமணிக் கன்னியின் சிகரம் எனப்படுகின்றது.
வடக்குச் சிகரம்: ஏறத்தாழ 1,614 மீட்டர். முகில் மேடை எனப்படுகின்றது.

முதல் நான்கு சிகரங்களும் அருகருகே உள்ளன. வடக்குச் சிகரம் மட்டும் தனித்தும் தாழ்ந்தும் உள்ளது. வடக்குச் சிகரத்தை அடைந்தவர் மலையின் உச்சியை அடைந்தவர் அல்லர் என்பதையும், தெற்குச் சிகரத்துக்கு மேலும் 500 மீட்டருக்கும் கூடுதலாக ஏற வேண்டும் என்பதையும் பயணத் திட்டத்தில் கணக்கிட வேண்டும்.

தாவோயியத்தில் இடம்

பேரரசர்கள் ஐந்து திசைகளின் பெருமலைகளுக்கு வழிபாடு செய்வது சீனாவின் பண்டைய வழக்கமாகும். கிழக்கே தாய் மலை, தெற்கிலும் வடக்கிலும் ஹெங் எனத் தமிழில் ஒரே வகையில் ஒலிக்கும் பெயருடைய இரு வேறு மலைகள், நடுவில் சோங் மலை ஆகியன ஏனைய நான்கு மலைகளாம். ஹுவா மலைத் தெய்வத்துக்கான வழிபாடு ஹான் பேரரசின் காலத்திலேயே நடைபெற்றது. இதற்குரிய சீயுவே கோயில் மலையின் மேல் அல்லாது, வடக்கே சமவெளியில் அமைந்துள்ளது.

மலையோடு மிகுதியாகத் தொடர்புபடுத்தப்படுபவர் 10 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சென் துவான் என்னும் தாவோயியத் துறவியாவார். இவர் நெடுங்காலம் உறக்க நிலையில் தியானம் செய்தவராகப் போற்றப்படுகின்றார். சோங் வம்சத்தை நிறுவிய ஜாவோ குவாங்யின் அரசராகும் முன்னர் இவருடன் சதுரங்கம் ஆடித் தோற்றதாகவும், அதனால் பின்னர் மலைக்கு வரிவிலக்கு அளித்ததாகவும் ஒரு கதை வழங்குகின்றது. கிழக்குச் சிகரத்துக்கு அருகே உள்ள சதுரங்க மண்டபம் இக்கதையை நினைவூட்டுகின்றது. அடிவாரத்தில் உள்ள யூச்சுவான் மடம் சென் துவானுக்கு உரியது.

12 ஆம் நூற்றாண்டில் வாங் சோங்யாங் நிறுவிய சுவான்சென் தாவோயிய மரபின் ஒரு கிளை ஹுவாஷான் மரபு எனப்படுகின்றது. அவருடைய சீடரான ஹாவ் தாதோங் இக்கிளையின் முதல்வராகக் கொள்ளப்படுகின்றார். துறவிகள் தனிமையை நாடி உயர்ந்த பாறைகளில் குகைகளைக் குடைந்தனர். இன்று பயணிகள் செல்லும் பாதைகள் சில அக்குகைகளை அடைவதற்காக வெட்டப்பட்டவையேயாகும்.

பழைய பாதை

பல நூற்றாண்டுகளாக மலைக்கு ஏறுவதற்கு ஒரே பாதை மட்டுமே உண்டு என்ற கூற்று வழக்கில் இருந்தது. இப்பாதை யூச்சுவான் மடத்தில் தொடங்கிப் பள்ளத்தாக்கு வழியாகச் செல்கின்றது. முதற் பகுதி நடப்பதற்கு எளிதானது. அதன் முடிவில் "மனம் மாறும் பாறை" என்னும் பாறை உள்ளது. இதற்கு அப்பால் செங்குத்தான ஏற்றம் தொடங்குவதால், அஞ்சுபவர் இங்கேயே திரும்பிவிடலாம் என்பது இப்பெயரின் பொருளாகும்.

அதையடுத்து வருவது "ஆயிரம் அடிப் பிளவு" எனப்படும் இடமாகும். இரு பாறைகளின் இடையே 300க்கும் மேற்பட்ட ஒடுங்கிய படிகள் இங்கு வெட்டப்பட்டுள்ளன. பயணிகள் இருபுறமும் உள்ள இரும்புச் சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு ஏறுகின்றனர். 1983 மே 1 அன்று இங்கு ஏற்பட்ட நெரிசலில் பயணிகள் விழுந்தபோது, அங்கிருந்த இராணுவ மருத்துவப் பல்கலைக்கழக மாணவர்கள் பலரைக் காப்பாற்றினர். பின்னாளில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனிப் படிவழிகள் ஏற்படுத்தப்பட்டன.

வடக்குச் சிகரத்துக்கு அப்பால் "நீல டிராகன் முகடு" உள்ளது. இருபுறமும் பள்ளத்தாக்கு அமைந்த ஒடுங்கிய முகடு இது. தாங் வம்சக் காலத்து எழுத்தாளரான ஹான் யூ (768–824) இங்கு மேலே செல்லவும் கீழே இறங்கவும் இயலாது அழுது, விடைபெறும் மடல் ஒன்றை எழுதிக் கீழே எறிந்தார் என்பது மரபுக்கதை. முகட்டைக் கடந்தால் "தங்கப் பூட்டுக் கணவாய்" வரும். குடும்பத்தினரின் நலம் வேண்டியும், காதலர் பிரியாதிருக்க வேண்டியும் பூட்டப்பட்ட பூட்டுகளும் சிவப்பு நாடாக்களும் இங்குள்ள சங்கிலிகளில் நிறைந்துள்ளன.

பிற வழிகள்

1949 ஆம் ஆண்டு உள்நாட்டுப் போரின்போது, உள்ளூர் வழிகாட்டி ஒருவரின் துணையோடு மக்கள் விடுதலைப் படையின் சிறு குழு வேறொரு பள்ளத்தாக்கு வழியாக ஏறி வடக்குச் சிகரத்தைக் கைப்பற்றியது. இதனால் ஒரே பாதை என்ற கூற்று பொய்யானது. அவ்வழியில் பின்னர் படிகள் அமைக்கப்பட்டன. இது பழைய பாதையை விடக் குறுகியது. ஆனால் மிகவும் செங்குத்தானது.

1996 இல் வடக்குச் சிகரத்துக்குக் கம்பிவட ஊர்தி அமைக்கப்பட்டது. 2013 இல் திறக்கப்பட்ட இரண்டாவது கம்பிவட ஊர்தி 4 கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளமுடையது. இது பயணிகளை நேராக மேற்குச் சிகரத்துக்கு அருகே கொண்டுசேர்க்கின்றது. இதன்பின், வடக்குச் சிகரத்தையும் தங்கப் பூட்டுக் கணவாயையும் கடக்காமலேயே உயர்ந்த சிகரங்களை அடைய முடிகின்றது.

ஒரு நாள் பயணத் திட்டம்

2010 இல் செங்சோ–சீஆன் அதிவேகத் தொடருந்துப் பாதை திறக்கப்பட்டது முதல் ஒரு நாள் பயணம் எளிதாகியுள்ளது. சீஆன் வடக்கு நிலையத்தில் இருந்து ஹுவாஷான் வடக்கு நிலையத்தை ஒரு மணி நேரத்துக்குள் அடையலாம். தொடருந்துச் சீட்டுக்கு அயல்நாட்டவரிடம் கடவுச்சீட்டு இருத்தல் வேண்டும். நிலையத்தில் இருந்து பயணியர் மையத்துக்கும், அங்கிருந்து மலைப்பேருந்தில் கம்பிவட ஊர்தி நிலையத்துக்கும் செல்ல வேண்டும்.

பலரும் பின்பற்றும் முறை, மேற்குக் கம்பிவட ஊர்தியில் ஏறி, மேற்கு, தெற்கு, கிழக்கு, நடுச் சிகரங்களைக் கண்டு, நீல டிராகன் முகடு வழியாக வடக்குச் சிகரத்துக்கு இறங்கி, வடக்குக் கம்பிவட ஊர்தியில் கீழே வருவதாகும். இவ்வழியில் பெரும்பகுதி இறக்கமாக அமைவதால் களைப்பு குறையும். மலைமேல் நடப்பதற்கு 5 முதல் 6 மணி நேரம் தேவைப்படும். முழங்கால் வலி உள்ளோர் மேற்குச் சிகரத்தையும் தெற்குச் சிகரத்தையும் மட்டும் கண்டு, ஏறிய வழியிலேயே திரும்புவது தகும்.

அன்றைய கடைசிக் கம்பிவட ஊர்தியின் நேரத்தை மலையடியிலேயே கேட்டறிந்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுதல் வேண்டும். இந்நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறும். 2012 அக்டோபர் 2 அன்று, தேசிய விடுமுறைக் கூட்டத்தில், ஆயிரக்கணக்கானோர் இறங்குவதற்கு ஊர்தியின்றி மலையில் சிக்கினர். எனவே மே மாதத் தொடக்கத்தையும் அக்டோபர் முதல் வாரத்தையும் தவிர்ப்பது நல்லது. சுடுமண் படைவீரர் அருங்காட்சியகம் சீஆனுக்கும் ஹுவா மலைக்கும் இடையே இருப்பினும், இரண்டையும் ஒரே நாளில் காண முயன்றால் மலைக்குரிய நேரம் போதாது.

பழைய பாதையில் நடந்து ஏற விரும்புவோர் இரவு 10 அல்லது 11 மணியளவில் தொடங்கி, கிழக்குச் சிகரத்தில் சூரிய உதயம் கண்டு, பகலில் கம்பிவட ஊர்தியில் இறங்குவதும் உண்டு. இதற்குத் தலைவிளக்கும் குளிருக்கான உடையும் இன்றியமையாதன.

பலகை நடைபாதை

தெற்குச் சிகரத்தின் செங்குத்துப் பாறையில், இரும்புக் கம்பிகளின் மேல் ஒடுங்கிய பலகைகள் இடப்பட்ட நடைபாதை ஒன்று உள்ளது. யுவான் வம்சக் காலத்தில் ஹே சிசென் என்னும் துறவி தவத்துக்கான இடத்தை அடைவதற்காக இதை அமைத்தார் எனப்படுகின்றது. இது சிகரங்களுக்குச் செல்லும் வழியில் இல்லை. மறுமுனையில் பாதை முடிந்துவிடுவதால் சென்றவர் அதே பலகைகளில் திரும்ப வேண்டும். எதிரே வருபவருக்கு வழிவிடுவதே இங்குள்ள பெருஞ் சிக்கலாகும். பாதுகாப்புக் கச்சை அணியாதோர் அனுமதிக்கப்படுவதில்லை. மழை, பனி, பராமரிப்புப் பணி ஆகியவற்றால் இது மூடப்படுவதும் உண்டு. வரிசையில் காத்திருக்கும் நேரம் ஒரு நாள் பயணத்தின் பிற பகுதிகளைக் குறைத்துவிடும் என்பதால், இதைத் தவிர்த்தாலும் பயணம் குறையுடையதாகாது.

தட்பவெப்பம்

மலையுச்சி அடிவாரத்தை விட ஏறத்தாழ 10 பாகை செல்சியசு குளிரானது. கோடையில் இடிமழையும், குளிர்காலத்தில் படிகளில் உறைபனியும் இருக்கும். இடிமழையின்போது சங்கிலிகளையும் திறந்த முகடுகளையும் விட்டு விலகி இருத்தல் வேண்டும். வசந்தமும் இலையுதிர் காலமும் ஏற்றவை. வழுக்காத காலணி, சங்கிலியைப் பற்றுவதற்கான கையுறை, மழைமேலாடை, குடிநீர் ஆகியவற்றை அடிவாரத்திலேயே ஆயத்தம் செய்துகொள்ளலாம். மலைமேல் உள்ள கடைகளுக்குப் பொருட்களைச் சுமையாளர்கள் தோளில் சுமந்து செல்லும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அங்கு விலை கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

கோயில்களில் நடத்தை

மலையில் உள்ள கோயில்கள் காட்சிப் பொருட்கள் மட்டும் அல்ல. அவற்றில் துறவிகள் வாழ்ந்து வழிபாடு நடத்துகின்றனர். வாயிற்படியை மிதிக்காமல் தாண்டிச் செல்வதும், அனுமதியின்றித் துறவிகளையும் தெய்வ உருவங்களையும் படம் எடுக்காதிருப்பதும் மரபாகும்.