கணினி கைவிட்டாலும் கரண்ட் வர வேண்டும்

சிங்காநல்லூரிலும் பீளமேட்டிலும் மில்கள் பெருகியதில் பைக்காராவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1932-இல் நீலகிரியில் ஓடத் தொடங்கிய அந்த நீர்மின் நிலையத்தை நம்பித்தான் கோவையின் நூற்பாலைகள் பல வளர்ந்தன. இன்று அதே ஊருக்கு வரும் மின்சாரத்தைக் கணினிகள் மேய்க்கின்றன. கம்பியில் பழுது என்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிப்பது டிஜிட்டல் ரிலே. தொலைவிலுள்ள துணை மின்நிலையங்களைத் திரையில் காட்டி, உட்கார்ந்த இடத்திலிருந்தே பிரேக்கரை இயக்கவைப்பது ஸ்கேடா. இதெல்லாம் எதற்கு, பழைய முறையே போதுமே என்பவர்கள் பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைப் பார்க்கட்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் அவற்றை விரட்டி ஓட்டும். சட்டென்று ஓய்ந்தும் போகும். பொழுது சாய்ந்தால் சூரிய மின்சாரம் மொத்தமாக இறங்கிவிடும். உற்பத்தியும் தேவையும் நொடிக்கு நொடி ஒத்துப்போனால்தான் அலைவெண் 50 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்கும். இத்தனை ஏற்ற இறக்கத்தைப் போனில் பேசிச் சமாளிக்க முடியாது.

ஆனால், அந்தக் கணினியே கைவிட்டால்? 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் அது நடந்தது. மின்னஞ்சல் வழியாக அலுவலகக் கணினிகளுக்குள் நுழைந்தவர்கள், திருடிய கடவுச்சொற்களோடு கட்டுப்பாட்டு அறைவரை போய், ஊழியர்களின் கண்ணெதிரே பிரேக்கர்களைத் திறந்துவிட்டார்கள். சுமார் 2,25,000 இணைப்புகள் இருண்டன. புகார் சொல்ல முடியாதபடி வாடிக்கையாளர் சேவைத் தொலைபேசிகளையும் போலி அழைப்புகளால் முடக்கினார்கள். ஆனாலும் சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. ஊழியர்கள் துணை மின்நிலையங்களுக்கு நேரில் போய்ப் பிரேக்கர்களைக் கையால் போட்டார்கள்; அவ்வளவுதான். எதைப் போட வேண்டும், எந்த வரிசையில் போட வேண்டும் என்று தெரிந்த ஆட்கள் அங்கே மிச்சம் இருந்தார்கள். முழுக்கத் தானியங்கியாக மாறி, ஆட்களைக் குறைத்துவிட்ட ஒரு மின்கட்டமைப்பு அவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்குமா என்பது சந்தேகமே.

உள்ளே யாரும் நுழையாதபடி பூட்டிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். பூட்டு வேண்டும்தான். 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்தபோது, அணு உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு அதிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் பாதிப்பு அங்கே போகவில்லை. ஆனால், எல்லா ஆபத்தும் திருடன் வேடத்தில் வருவதில்லை. 2012 ஜூலை 30 அதிகாலையில் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதையின் ரிலே, அளவு மீறிய சுமையைப் பழுது என்று எடுத்துக்கொண்டு பாதையைத் துண்டித்தது. வட இந்தியா இருண்டது. மறுநாள் வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து விழுந்தன. யாரும் தாக்கவில்லை. தமிழ்நாடு இருளவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அன்று தென்னக மின்கட்டமைப்பு, அதாவது கிரிட், வடக்கோடு நேர்மின் இணைப்புகளால் மட்டுமே சேர்ந்திருந்தது. அலைவெண் ஒன்றல்ல என்பதால் அந்தத் தடுமாற்றம் இங்கே தொற்றவில்லை. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாக நாடு முழுவதும் ஒரே அலைவெண்ணுக்கு வந்தது. நல்லதுதான், காற்றாலை மின்சாரம் மிஞ்சினால் வடக்கே அனுப்பலாம். அதோடு, அங்கே விழுந்தால் இங்கேயும் ஆடும்.

ஆகவே, விழாத கிரிட்டைக் கட்டுவதைவிட, விழுந்தால் துண்டுதுண்டாகத் தனித்து நிற்கவும் தானே எழவும் தெரிந்த கிரிட்டைக் கட்டுவதே அறிவு. கொங்குநாட்டுக்கு இதில் ஒரு கொடுப்பினை. முழுவதும் நின்றுபோன அனல்மின் நிலையம் தன் பம்புகளையும் நிலக்கரி அரைக்கும் ஆலைகளையும் ஓட்டவே வெளி மின்சாரத்தை எதிர்பார்க்கும். நீர்மின் நிலையத்துக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர் போதும்: மதகைத் திறந்தால் டர்பைன் சுற்றும். குந்தா நீர்மின் நிலையங்கள் நமக்கு மேலே, நீலகிரியில் இருக்கின்றன. ஆனைமலையில் 400 மெகாவாட் காடம்பாறை நீரேற்று நிலையம் இருக்கிறது. இவற்றிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுமையைச் சேர்த்து ஊர்களை எழுப்பலாம்.

தனித்து நிற்பது எளிதல்ல என்பதும் உண்மை. மும்பையில் அப்படிப் பிரிந்துகொள்ளும் ஏற்பாடு பல ஆண்டுகளாக இருந்தும், 2020 அக்டோபர் 12 அன்று அது தாக்குப்பிடிக்கவில்லை, நகரம் இருண்டது. அதற்காக ஏற்பாடே வீண் என்று சொல்லக் கூடாது. தாளில் இருப்பதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றே சொல்ல வேண்டும். செலவைப் பற்றிப் பேசுபவர்கள் ஃபவுண்டரிக்காரர்களைக் கேட்கட்டும்: உருக்கிய இரும்பு உலைக்குள்ளேயே உறைந்தால் என்ன நட்டம் என்று அவர்கள் சொல்வார்கள். இருண்ட கிரிட்டை எழுப்பும் ஒத்திகையை நடத்தும்படி இந்திய மின்கட்டமைப்பு விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. மின்வாரியம் அதில் ஒரு சுற்றையாவது ஸ்கேடா திரைகளை அணைத்துவிட்டு, லைன்மேன்களையும் துணை மின்நிலைய ஊழியர்களையும் மட்டும் வைத்து நடத்த வேண்டும். எத்தனை மணி நேரத்தில் சிங்காநல்லூருக்குக் கரண்ட் வந்தது என்பதை மக்களுக்கும் சொல்ல வேண்டும்.